திம்பம் சாலைக் கணக்கில் வராத உயிர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் போகும் திம்பம் மலைப்பாதையைப் பற்றிச் செய்தியோ கட்டுரையோ வரும்போதெல்லாம் கூடவே ஓர் எண்ணும் வந்துவிடுகிறது. 2012 முதல் 2021 வரை இந்தச் சாலையில் வாகனங்களில் அடிபட்டு 150க்கும் மேற்பட்ட வனவிலங்குகள் இறந்தன, அவற்றில் எட்டுச் சிறுத்தைகளும் ஒரு யானையும் அடக்கம் என்கிற கணக்கு அது. இந்தச் சாலையில் இரவில் வண்டிகள் ஓடத் தடை கோரிய வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த காலத்தில் பேசப்பட்ட எண் அது. அன்றிலிருந்து தடையை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் இதையேதான் எடுத்து வீசிக்கொள்கிறார்கள். “நூற்றைம்பது உயிர் போயிருக்கிறது” என்கிறார் ஒருவர். “பத்து வருடத்துக்கு நூற்றைம்பது என்றால் மாதத்துக்கு ஒன்றேகால்தானே, இதற்காகவா எங்கள் பிழைப்பைக் கெடுக்கிறீர்கள்?” என்கிறார் இன்னொருவர்.

இருவரும் அந்த எண்ணை இறந்த விலங்குகளின் எண்ணிக்கை என்று நம்பியே சண்டையிடுகிறார்கள். ஒரு விலங்கு அடிபட்டு, சாலையிலேயே விழுந்து, யாராவது வந்து பார்க்கும்வரை கிடந்து, பார்த்தவர் போய்ச் சொல்லி, சொன்னதை ஒருவர் பதிவேட்டில் எழுதினால்தான் அந்த நூற்றைம்பதில் ஒன்றாக ஆகும். இத்தனை படிகளில் எதிலாவது ஒன்றில் தவறினாலும் அது செத்ததாகவே ஆகாது.

எங்களுக்குத் தாளவாடிப் பக்கம் நிலம். முட்டைக்கோஸ், பீட்ரூட், கொஞ்சம் பூண்டு. வீட்டில் பேசுவது கன்னடம், பள்ளியில் படித்தது தமிழ். பி.எஸ்சி. கணிதம் முடித்த பிறகு கல்யாணம் ஆகி வயலுக்கு வந்துவிட்டேன். சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி இருக்கிறது. கணவர் ஓட்டுவார். லோடு கணக்கும் மண்டி பாக்கியும் என் பொறுப்பு என்பதால் பெரும்பாலும் நானும் கூடப் போவேன். காரப்பள்ளம் சோதனைச் சாவடி, ஆசனூர், திம்பம், பிறகு 27 கொண்டை ஊசி வளைவுகள், பண்ணாரி, சத்தியமங்கலம். சில நாள் அங்கிருந்து மேட்டுப்பாளையம் மண்டி வரை. மாவட்ட ஆட்சியர் 2019 ஜனவரியில் வெளியிட்ட இரவுத் தடை அறிவிக்கை மூன்று வருடம் காகிதத்தில் கிடந்து, உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதை எதிர்த்து தாளவாடியில் கடையடைப்பு நடந்தபோது நானும் போய் நின்றேன். வாடிப்போகும் சரக்கை வைத்துக்கொண்டு சாவடியில் காத்திருப்பவளுக்கு அந்த நேரக் கட்டுப்பாட்டைப் பற்றி இன்றைக்கும் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. இந்தக் கடிதம் அதைப் பற்றியதில்லை.

காலையில் சாவடி திறந்ததும் முதலில் போகும் நாலைந்து வண்டிகளில் ஒன்றில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிகிற சாலை வேறு. எட்டு மணிக்குக் காரில் வருபவர் பார்க்கிற சாலை வேறு. விடியும் நேரத்தில் தார் மேல் தேரைகள் ஒட்டிக் கிடக்கும். இரவில் தார்ச்சூட்டுக்கு வந்து படுத்த பாம்பு கயிறாகிக் கிடக்கும். பக்கிப் பறவை தரையில் உட்கார்கிற பறவை. சாலையிலும் உட்காரும், விளக்கு வெளிச்சம் பட்டால் கண் மட்டும் சிவப்பாக மின்னும், கடைசி நொடியில்தான் எழும்பும். அதன் சிறகு மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். காட்டுமுயல், மரநாய், எப்போதாவது முள்ளம்பன்றி. திரும்பி வரும்போது அதே இடத்தில் ஒன்றும் இருக்காது. அண்டங்காக்கை, கீரி, காட்டுப்பன்றி, எறும்பு எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு போயிருக்கும். மிச்சத்தைப் பின்னால் வரும் லாரிச் சக்கரங்கள் தாரோடு தாராக்கிவிடும். நல்ல மழை என்றால் காக்கைக்குக்கூட வேலை இல்லை.

இதை யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா என்றால், பார்த்திருக்கிறார்கள். போர்த்துக்கலின் தென்பகுதிச் சாலைகளில் தினமும் போய், கிடக்கும் உடல்கள் எத்தனை நாள் நிற்கின்றன என்று பார்த்த ஆய்வு 2011இல் வெளியானது. தவளை, பல்லி, வௌவால் போன்ற சிறிய உடல்களில் பெரும்பாலானவை ஒரு நாளுக்கு மேல் தாங்கவில்லை. வாரம் ஒருமுறை சாலையைப் பார்த்துவிட்டு ‘தவளை அதிகம் சாகவில்லை’ என்று எழுதினால், அந்த அறிக்கை எதைச் சொல்கிறது? காக்கைகள் ஒழுங்காக வேலை செய்கின்றன என்பதைச் சொல்கிறது. வேல்ஸ் நாட்டில் 2002இல் வந்த இன்னோர் ஆய்வு, காரில் போய் எண்ணியதைவிட உண்மையில் இறந்தவை 12 முதல் 16 மடங்கு இருக்கலாம் என்று கணித்தது. இதைப் படித்துவிட்டு உடனே நமது நூற்றைம்பதைப் பதினாறால் பெருக்கி 2,400 என்று சுவரொட்டி அடித்துவிடக் கூடாது. அங்கே இருக்கும் காக்கை வேறு, மழை வேறு, வண்டி வேறு. எந்தச் சாலைக்கு எத்தனை மடங்கு என்பதை அந்தச் சாலையிலேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

நம் ஊரிலும் இந்த வேலை நடக்காமல் இல்லை. ஆனைமலைச் சாலைகளில் தவளையும் பாம்பும் நசுங்குவதைப் பற்றிய ஆய்வு 2001லேயே வெளிவந்திருக்கிறது. முதுமலை வழியாகப் போகும் நெடுஞ்சாலைகளில் செய்த ஆய்வு 2010இல் வந்தது. அதில் 40 இனங்களைச் சேர்ந்த 180 உடல்கள் பதிவாகின, பாதிக்கும் மேல் தவளை இனங்கள். நமது நூற்றைம்பதில் தவளை எத்தனை? பேச்சில் வருவதெல்லாம் சிறுத்தை, யானை, மான், குரங்கு. காரணமும் புரிகிறது. யானையோ சிறுத்தையோ இறந்தால் வனக் கால்நடை மருத்துவர் வர வேண்டும், உடற்கூறு ஆய்வு செய்ய வேண்டும், வழக்குப் பதிய வேண்டும், உடலை அப்புறப்படுத்தியதற்கும் சாட்சி வேண்டும். தேரைக்கு யார் சாட்சிகளை வைத்துப் பஞ்சநாமா அறிக்கை எழுதுவது? முள்ளம்பன்றி ஒன்று அடிபட்டுக் கிடப்பதை ஓரிடத்தில் சொல்லப் போனபோது, “இதையெல்லாம் எழுத ஆரம்பித்தால் நோட்டுப் பத்தாதம்மா” என்றார் அங்கிருந்தவர். எந்த இடம் என்பது வேண்டாம். நல்ல மனிதர்தான், டீ வாங்கிக் கொடுத்தார்.

பிரேசிலில் ஆராய்ச்சியாளர்கள் நாடு முழுவதற்குமாக ஒரு மதிப்பீடு வெளியிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்கு 47.5 கோடி விலங்குகள் சாலையில் இறக்கின்றன என்பது அது. அதில் 43 கோடி சிறியவை, 4.3 கோடி நடுத்தர அளவு உள்ளவை, பெரியவை 20 லட்சம் மட்டுமே. சில இடங்களின் ஆய்வுகளை வைத்து நாடு முழுவதற்கும் விரித்த கணக்கு என்பதால் அதன் கடைசி இலக்கத்தை நம்பி யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் பங்கைக் கவனியுங்கள். பெரிய விலங்குகள் அரை சதவீதம்கூட இல்லை. நமது பதிவேடு அந்த அரை சதவீதத்தைப் பார்ப்பதற்கென்றே வைத்த பதிவேடு.

இனி, கண்ணில் படுவதைப் பற்றி. என் கணவர் ஓட்டுநர், அவர் கண் சாலை நடுவிலும் எதிரே வரும் லாரியிலும் இருக்கும். இருக்கவும் வேண்டும். எனக்குத் தெரிவது இடது ஓரம். சத்தி வந்து இறங்கியதும் யார் எத்தனை பார்த்தோம் என்று ஒப்பிட்டால் ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை. “நீ காய்ந்த இலையை எல்லாம் தவளை என்று எழுதுகிறாய்” என்பார் அவர். “நீங்கள் நடுக்கோட்டைத் தவிர எதையும் பார்ப்பதில்லை” என்பேன் நான். லோடு கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் இரண்டு பத்தி போட்டுத் தனித்தனியாகக் குறிக்க ஆரம்பித்தது இந்தச் சண்டையை முடிக்கத்தான். சண்டை முடியவில்லை, ஆனால் கல்லூரியில் படித்த ஒரு கணக்கு நினைவுக்கு வந்தது.

ஒரு பேச்சுக்கு, அவர் எட்டு உடல் பார்த்தார், நான் பத்துப் பார்த்தேன், அவற்றில் ஐந்து இருவரும் பார்த்தவை என்று வையுங்கள். இருவருமாகச் சேர்ந்து பார்த்தது 13. நான் பார்த்த பத்தில் பாதியைத்தான் அவர் பார்த்தார் என்றால், சாலையில் கிடந்த மொத்தத்திலும் ஏறக்குறைய பாதியைத்தான் அவர் பார்த்திருப்பார். அவர் பார்த்தது எட்டு, ஆகவே கிடந்தது 16. மூன்று உடல்கள் இருவர் கண்ணுக்கும் தப்பிவிட்டன. அடுத்ததாக, இரவில் கிடக்கும் உடல்களை அடையாளமிட்டு வைத்துக் காலையில் போய்ப் பார்த்ததில் நான்கில் ஒன்றுதான் மிச்சம் என்று தெரிகிறது என்று வையுங்கள். அப்படியானால் அந்த 16 உண்மையில் 64. பதிவேட்டில் 13, சாலையில் 64. இதிலும் அடிபட்ட பிறகு நொண்டிக்கொண்டே புதருக்குள் போய்ச் செத்த மான் சேராது. அதை எந்தப் பெருக்கலும் கொண்டுவராது.

இந்தக் கணக்கிலும் ஓட்டை உண்டு. ஒரே வண்டியில் உட்கார்ந்துகொண்டு “அதோ பார்” என்று கை நீட்டினால் இரண்டு பேர் பார்த்தது ஒருவர் பார்த்ததற்குச் சமம். பெரிய உடல் இருவர் கண்ணிலும் படும், நசுங்கிய தவளை இருவர் கண்ணிலும் படாது. ஆகவே எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கணக்கிட்டால் விடை குறைவாகவே வரும், அளவு வாரியாகப் பிரித்துச் செய்ய வேண்டும். வண்டியில் போவதைவிட நடந்து போனால் சிறியவை பல மடங்கு தென்படும். இன்னொன்று, மிச்சமிருக்கும் பங்கு மிகச் சிறியதாக இருந்தால் விடை ஒரேயடியாக ஊதிவிடும். அதனால் ஒற்றை எண் சொல்லாமல் ‘இத்தனையிலிருந்து இத்தனை வரை’ என்று சொல்வதுதான் முறை.

இதெல்லாம் ஆராய்ச்சிக்கூடத்துச் சமாச்சாரம், நடைமுறைக்கு வராது என்று யாரும் சொல்ல முடியாது. அரசு புலிகளை இப்படித்தான் கணக்கிடுகிறது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை காட்டில் கேமரா வைக்கிறார்கள், வரிகளை வைத்து எந்தப் புலி மறுபடி மறுபடி படத்தில் விழுகிறது என்று பார்க்கிறார்கள், அதிலிருந்து படத்தில் விழாத புலிகளையும் கணக்கில் சேர்க்கிறார்கள். 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டிலுள்ள புலிகள் சராசரியாக 3,682, குறைந்தது 3,167, அதிகபட்சம் 3,925 என்று மேல்வரம்பு கீழ்வரம்போடு அறிவித்தார்கள். எங்கள் பிக்கப் வண்டிக்குள் நடந்த கணக்கின் மூத்த அண்ணன்தான் அது. வேளாண்மைத் துறையும் பயிர்க் காப்பீட்டுக்கு ஒவ்வொரு வயலையும் அறுத்து எடை போடுவதில்லை. குலுக்கலில் வரும் சர்வே எண்ணில், நெல் என்றால் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து அறுத்து, அந்தப் பகுதி முழுமைக்கும் விளைச்சலை மதிப்பிடுகிறார்கள். அந்த மதிப்பீட்டில் எங்களுக்கு மனக்குறை உண்டு, அது வேறு விஷயம். முறை என்ற ஒன்று இருப்பதால்தான் மனக்குறைப்படவாவது முடிகிறது.

ஆகவே வனத்துறையிடம் என் வேண்டுகோள் இதுதான். 1,408 சதுர கிலோமீட்டர் புலிகள் காப்பகம் இது, 2013இல் அறிவிக்கப்பட்டது. இதை ஊடுருவிப் போகும் சாலையில், பண்ணாரியிலிருந்து காரப்பள்ளம் வரை, ஒரு கிலோமீட்டர் நீளத் துண்டுகளாகப் பிரித்துக் குலுக்கல் முறையில் சிலவற்றைத் தேர்ந்தெடுங்கள். நிறைய விலங்குகள் சாகும் இடம் என்று ஊரார் சொல்லும் இடத்தை மட்டும் எடுத்தால் கணக்கு ஊதும், ஜீப் நிறுத்த வசதியான இடத்தை மட்டும் எடுத்தால் வற்றும். விடிந்ததும், வண்டிகளைத் திறந்து விடுவதற்கு முன்பே, இரண்டு காவலர்கள் ஒருவருக்குப் பின் ஒருவராக இடைவெளி விட்டு நடந்து தனித்தனியே குறிக்கட்டும். கிடைத்த உடல்களில் சிலவற்றை அப்புறப்படுத்தாமல் அடையாளமிட்டு விட்டு, அடுத்தடுத்த நாள்களில் போய் இருக்கிறதா என்று பார்க்கட்டும். முதல் மழைக்கால இரவுகளைத் தனிக் கணக்காக வையுங்கள். அந்த இரவுகளில் ஆசனூர்ப் பக்கம் நசுங்கும் தவளைகளை ஆண்டு முழுவதற்கும் பெருக்கினால் அபத்தமாக இருக்கும், அவற்றை விட்டுவிட்டால் அதைவிட அபத்தம். கொண்டை ஊசி வளைவுகளில் நடப்பது ஆபத்து. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், நடுவில் லாரி. அங்கே மெதுவாக வண்டியில் போய்ப் பார்த்து, நடந்து பார்த்த இடங்களோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம். சாவடிகளைக் கடக்கும் வண்டிகளின் எண்ணிக்கையையும் பக்கத்தில் எழுதிவிட்டால், எத்தனை வண்டிக்கு எத்தனை உயிர் என்று பார்க்கலாம்.

இந்தக் கணக்கு ஏன் இப்போது வேண்டும் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல இரண்டு சந்தேகங்கள் எனக்கு இருக்கின்றன.

தடைக்குப் பிறகு பதிவேட்டில் எண் குறைந்தால், தடை வெற்றி என்று ஒரு தரப்பு சொல்லும். குறைந்ததற்குத் தடை காரணமாக இருக்கலாம். பார்ப்பவர்கள் குறைந்ததும் காரணமாக இருக்கலாம், ஏனென்றால் இரவில் வண்டி இல்லாவிட்டால் வந்து சொல்ல ஆளும் இல்லை. சாலையோரம் இருந்த தவளையும் பாம்பும் பல வருடங்களாகச் செத்துச் செத்தே அந்த இடத்தில் தீர்ந்துபோயிருந்தாலும் எண் குறையும். சாலையைக் கடப்பதையே மான் கூட்டம் விட்டுவிட்டாலும் குறையும். இந்த நான்கையும் ஒரே எண்ணை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

இரண்டாவது சந்தேகம் எங்களையும் சேர்த்தது. இரவெல்லாம் நிறுத்தி வைத்த வண்டிகள் காலையில் ஒரே வரிசையாகப் புறப்படுகின்றன. சந்தைக்குப் பிந்தக் கூடாது என்று எல்லோருக்கும் அவசரம், எங்களுக்கும்தான். அது மான் கூட்டம் சாலையோரப் புல்லுக்கு வரும் நேரம். மாலையிலும் அப்படித்தான், கெடு முடிவதற்குள் மலையைத் தாண்டிவிட வேண்டும் என்று மிதிக்கிறார்கள். இரவில் காப்பாற்றிய உயிர்களில் எத்தனையை விடியலிலும் அந்தியிலும் இழக்கிறோம்? ஒன்றும் இழக்காமலும் இருக்கலாம். சாவு எந்த நேரத்தில் நடக்கிறது என்று தெரிந்தால் நேரத்தை மாற்றலாம், வேகத்தைக் கட்டுப்படுத்தலாம், வண்டிகளைச் சிறு சிறு கூட்டமாக இடைவெளி விட்டு அனுப்பலாம். விவசாயிக்கும் விலங்குக்கும் சேர்ந்தே நன்மை தரும் வழி அதில் கிடைக்கலாம். கணக்கு இல்லாததால் பேச்சு எல்லாம் ‘மூடு’, ‘திற’ என்ற இரண்டு சொற்களிலேயே நிற்கிறது.

பொதுமக்களும் உதவலாம் என்று சிலர் சொல்கிறார்கள். உதவலாம்தான், ஆனால் காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தி இறங்கிப் படம் எடுக்க யாரும் கிளம்பிவிட வேண்டாம். காரப்பள்ளம் பக்கம் கரும்பு லாரிக்காக யானை காத்து நிற்பது ஊரறிந்த விஷயம். செத்த விலங்கின் முள்ளையோ தோலையோ எடுத்து வைத்துக்கொள்வது வனவிலங்குச் சட்டப்படி குற்றமாகலாம், முள்ளம்பன்றி முள் அழகாக இருக்கிறது என்று பைக்குள் போடுபவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. வளைவுகளில் குரங்குக்குச் சிப்ஸ் பாக்கெட்டை வீசாமல் இருந்தாலே பெரிய உதவி. வீசிய இடத்துக்கு அது தினமும் வரும், அடுத்து வரும் வண்டிக்கு அது தெரியாது. கிலோமீட்டர் கல்லைப் பார்த்து வைத்துக்கொண்டு அடுத்த சாவடியில் சொன்னால் போதும். அங்கே அதை எழுதிக்கொள்ள ஒரு நோட்டு இருக்க வேண்டும், அது பத்தாமல் போனால் இன்னொன்று வாங்க வேண்டும்.

கடைசியாகத் தங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்தச் சாலையில் இத்தனை விலங்குகள் பலி என்று அச்சிடும்போது, அது எந்தெந்த விலங்குகளைச் சேர்த்த கணக்கு, எத்தனை கிலோமீட்டரை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்த்தார்கள், நடந்து பார்த்தார்களா வண்டியில் பார்த்தார்களா என்பதைத் தங்கள் நிருபர் கேட்டு ஒரு வரி சேர்க்கட்டும். அப்படிப் பார்க்கவே இல்லை, தகவல் வந்ததை மட்டும் எழுதினோம் என்று பதில் வந்தால், அதையே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
காய்கறி விவசாயி ஒருவர்,
தாளவாடி வட்டம், ஈரோடு மாவட்டம்